என் வலது காலின் மேல் ஒரு வழக்கு

டின் கெட்டில், கொலராடோ
நவம்பர் மாதம், முதல் பனி விழுந்த மறுநாள்

பியூப்லோ நகரத்து நீதிபதிகளைத் தூங்கவிடாத வழக்கறிஞனும், என் தங்கை எவ்லினின் ஒரே பிள்ளையும், குழந்தையில் நான் தோளில் தூக்கிச் சுமந்து மிக அபூர்வமாக மட்டுமே கீழே போட்டவனுமாகிய சிரஞ்சீவி லோவெல்லுக்கு, மாமா ஆர்லோ விக்கர்ஷாம் ஆசி கூறி எழுதுவது. இங்கே நானும் என் முழங்கால் வலியும் ஒருவரையொருவர் அனுசரித்துக்கொண்டு நலமாக இருக்கிறோம். அங்கே நீயும் உன் மனைவியும், உன் கட்சிக்காரர்களில் வெளியே இருப்பவர்களும் உள்ளே இருப்பவர்களும், எல்லோரும் சௌக்கியமாக இருக்க வேண்டுமென்று விரும்புகிறேன்.

நிற்க. வருகிற செவ்வாய்க்கிழமை காலை நம் ஊர் நீதிபதியின் முன்னால் நானும் நிற்க வேண்டியிருக்கிறது. பதறாதே. குற்றம் சாட்டப்பட்டிருப்பது முழு ஆர்லோ அல்ல, என் வலது கால் மட்டும்தான். இடது கால் சட்டப்படி பரிசுத்தமானது என்று ஊர்க் காவல் அதிகாரியான மார்ஷலே ஒப்புக்கொண்டுவிட்டார். நீ உடனே புறப்பட்டு வந்து, பிரதான வீதியில் யாரும் துப்பாக்கியை வெளியே தெரியக் கட்டிக்கொண்டு நடக்கக் கூடாது என்று நம் ஊர் மன்றம் போட்ட சட்டத்தை அடித்து நொறுக்கித் தர வேண்டும். அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்தது யார் என்று கேட்பாய். நான்தான். குறுக்கே பேசாமல் கேள்.

இதற்கெல்லாம் மூலகாரணம் ராஸ்கோ டில். ஓஹையோக்காரன். அங்கே வாழ்நாள் முழுக்க வீட்டு ஹீட்டர்களை விற்றுவிட்டு, ஓய்வு பெற்றதும் ஒரு பெரிய தொப்பியை வாங்கிக்கொண்டு நம் ஊருக்குக் குடிவந்தவன். நடக்கும்போது பார்க்க வேண்டும், காலுக்கிடையிலிருந்து குதிரையை யாரோ உருவிக்கொண்டு போனது இன்னும் தெரியாதவன் போல நடப்பான். இடுப்பில் வெள்ளைப் பிடி போட்ட ரிவால்வர். அதற்கு ஒரு தோல் உறை. உறை முழுக்க ரோஜாப் பூ, லாடம், கழுகு, கழுகின் வாயில் பாம்பு என்று செதுக்கல். இன்னும் ஒரு விரற்கடை தோல் மிச்சமிருந்தால் ராக்கி மலைத் தொடரையே செதுக்கியிருப்பான். நம் ஊரில் துப்பாக்கி இல்லாத வீடு கிடையாது என்பது உனக்குத் தெரியும். மண்வெட்டி இல்லாத வீடும்தான் கிடையாது. அதற்காக மண்வெட்டியை இடுப்பில் செருகிக்கொண்டு சாப்பிடப் போவோமா? இவன் போனான். எங்கே போனான்? கான்சுவேலோவின் உணவகத்துக்குப் போனான்.

கான்சுவேலோவைப் பற்றி உனக்கு நான் ஒன்றும் எழுதியதில்லை. எழுத ஒன்றும் இல்லை. புருஷனை இழந்தவள், நல்ல உழைப்பாளி. அவள் வைக்கும் பச்சை மிளகாய்க் குழம்பில் பன்றிக்கறி வெண்ணெயாக உருகும். அதன் வாசனைக்குப் பக்கத்து மாவட்டத்துக் கரடிகள் குளிர்காலத் தூக்கத்தைப் பாதியில் விட்டு எழுந்து வருவதை நானே பார்த்திருக்கிறேன். கடை திறந்த நாளிலிருந்து, பரிமாறும் மேடையின் கடைக்கோடியில், சமையலறை ஜன்னலுக்கு எதிரே இருக்கும் ஸ்டூல் என்னுடையது. அங்கிருந்து பார்த்தால் அவள் குழம்பு கிளறுவது தெரியும். அதை நான் சமையல் கலையில் உள்ள ஆர்வத்தால் பார்ப்பது வழக்கம். இத்தனை காலத்தில் அவள் எனக்கு ஊற்றியது கிண்ணத்துக்கு ஒரு கரண்டி. ஒருநாள்கூட அரைக் கரண்டி கூடியதில்லை. நானும் கேட்டதில்லை. கண்ணால் கேட்டிருக்கிறேன், அது வேறு விஷயம்.

ராஸ்கோ முதல் நாள் வந்தான். என் ஸ்டூலில் உட்கார்ந்தான். கான்சுவேலோ கிண்ணத்தோடு வந்தவள் உறையைப் பார்த்து நின்றுவிட்டாள்.

“இந்தப் பூ வேலையெல்லாம் யாரு பண்ணது? ஈஸ்டருக்குப் பாதிரியார் போடற அங்கி மாதிரி இருக்கே” என்றாள்.

“பழைய தோலு, எப்பவோ வாங்கினது” என்றான் அவன். விலைச் சீட்டின் நூல் இன்னும் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

அவள் சிரித்தாள். சிரித்துவிட்டு என்ன செய்தாள் தெரியுமா? இரண்டாவது கரண்டி ஊற்றினாள், லோவெல். வழிய வழிய ஊற்றினாள். அன்றைக்கு எனக்கு உள்ளே ஏதோ பற்றிக்கொண்டது. பொறாமை என்று நினைத்துவிடாதே. அது பொதுநலம். பொதுநலம் சில பேருக்கு நெஞ்செரிச்சலாகத்தான் தொடங்கும்.

அடுத்த மன்றக் கூட்டத்துக்குப் போனேன். ஒருவனின் இடுப்பு அலங்காரத்தால் ஊரே அழியப்போகிறது என்று பேசினேன். குழந்தைகள், கர்ப்பிணிகள், தபால்காரர், வலசை போகும் பறவைகள் என்று ஒருவரையும் விடவில்லை. கேட்டுக்கொண்டிருந்த நாய் எழுந்து உட்கார்ந்து மரியாதை செய்தது. உனக்குத் தெரியாததல்ல, நம் மாநிலத்தில் வெளியே தெரியத் துப்பாக்கி கட்டிக்கொள்ள யாருக்கும் தடையில்லை. ஆனால் ஓர் ஊர் மன்றம் நினைத்தால் இன்ன இடத்தில் மட்டும் கூடாது என்று சொல்லலாம், அந்த இடத்துக்குள் நுழையும் வழிகளில் அறிவிப்புப் பலகை நட்டிருக்க வேண்டும். தானியக் கிடங்கிலிருந்து தேவாலயம் வரை, வீதியும் கடைகளும் அடங்க, கூடாது என்று தீர்மானம் கொண்டுவந்தேன். டென்வர் அணியின் கால்பந்து ஆட்டம் தொடங்க இருந்ததால் மன்றம் ஒருமனதாக நிறைவேற்றிவிட்டு எழுந்து ஓடியது. பலகைகளை நானே எழுதினேன். சிவப்பு எழுத்து, நீலக் கரை, மூலைகளில் சின்னச் சின்னப் பூ. எங்களுக்கும் பூப் போடத் தெரியும்.

சட்டம் வென்றது. மறுநாள் என் ஸ்டூல் எனக்கு. ராஸ்கோ உள்ளே இல்லை. துப்பாக்கியைக் கழற்றி வைத்துவிட்டு வருவான் என்று நினைத்தாய் அல்லவா? ஓஹையோக்காரனின் திமிர் உனக்குத் தெரியாது. அவன் தன் பிக்கப் வண்டியை உணவகத்து ஜன்னலுக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்தி, உள்ளேயே உட்கார்ந்துகொண்டு ஹாரன் அடித்தான். கான்சுவேலோ எட்டிப் பார்த்தாள்.

“உள்ள வரமாட்டீங்களா ராஸ்கோ?”

“ஊர்ச் சட்டம் வீதியோட நின்னுச்சு. வண்டிக்குள்ள நான் மாநிலத்துப் பிரஜை. குழம்பு மட்டும் இங்க வந்தா போதும்.”

குழம்பு போனது. முதல் நாள் ஜன்னல் வழியாகக் கொடுத்துவிட்டுத் திரும்பினாள். இரண்டாம் நாள் நின்று பேசினாள். மூன்றாம் நாள் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்துவிட்டாள், மருமகனே. வண்டிக் கண்ணாடியில் ஆவி படர்ந்தது. உள்ளே ரேடியோ பாடியது. கிண்ணம் போனால் திரும்பி வர அரை யுகம் ஆனது. இங்கே நான் போராடிப் பெற்ற என் ஸ்டூலில் அமர்ந்து, ஆளில்லாத சமையலறையையும், தானே கொதித்துக்கொண்டிருந்த பானையையும், பார்த்துக்கொண்டிருந்தேன். கடையில் மற்றவர்கள் எல்லாம் அந்த நாட்களில் கோட்டையும் தொப்பியையும் கழற்றாமலே சாப்பிட ஆரம்பித்தார்கள். ராஸ்கோவைப் பார்த்து வந்த பகட்டு, வேறென்ன. நான் மட்டும் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். எனக்கு வியர்த்தது.

மறுபடியும் மன்றத்துக்கு ஓடினேன். வண்டிகளையும் சேர்த்துத் தடை செய்யுங்கள் என்றேன். மன்றச் செயலாளர் வில்மா கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தாள்.

“ஆர்லோ, வண்டிக்குள்ள ஊருக்கு அதிகாரம் கிடையாது. தனியார் மோட்டார் வண்டி, இல்லன்னா வேற ஏதாவது தனியார் போக்குவரத்துச் சாதனம், அதுக்குள்ள ஒருத்தர் தன் பாதுகாப்புக்குக் கைத்துப்பாக்கி வச்சுக்கலாம். மாநிலச் சட்டம். நாம கை வைக்க முடியாது.”

“அவன் வண்டிய விட்டு இறங்கினா?”

“இறங்கினா நம்ம ஊரு.”

“கோட்டைப் போட்டு மூடிக்கிட்டு இறங்கினா?”

“அது மறைச்சு வச்சிருக்கறது. அதுக்குத் தனி அனுமதி வேணும். அவருக்கு இல்ல.”

“வண்டியிலயே வச்சிட்டு இறங்கினா?”

“பூட்டுப் பெட்டிக்குள்ள போட்டு, கண்ணுக்குத் தெரியாம வச்சு, வண்டியையும் பூட்டணும். அதுவும் மாநிலச் சட்டம். உங்களுக்கு என்ன இவ்வளவு அக்கறை? அவர் சாப்பிட்டா உங்களுக்கு வயிறு வலிக்குதா?”

பெண்பிள்ளைக்கு எவ்வளவு வாய் பார். ஆனால் ‘வேறு ஏதாவது தனியார் போக்குவரத்துச் சாதனம்’ என்று அவள் சொன்ன இடத்தில் என் மூளையில் மின்னல் வெட்டியது. கண் பரிசோதனையில் அதிகாரிக்கும் எனக்கும் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் என் ஓட்டுநர் உரிமம் போய்விட்டது, எவ்லின் சொல்லியிருப்பாள். வண்டியையும் விற்றாயிற்று. ஆனால் கொட்டகையில் என்ன இருக்கிறது? ஏறி உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி. நான்கு சக்கரம், ஸ்டீயரிங், மெத்தை இருக்கை. ரோமச் சக்கரவர்த்திகளிடம்கூட இப்படியொரு ரதம் இருந்ததில்லை.

என் தாத்தாவின் ரிவால்வரைப் பரணிலிருந்து எடுத்தேன். ரயில் கொள்ளைக் கூட்டம் முழுவதையும் அதைக் காட்டியே அவர் கனடாவரை துரத்தினார் என்பது குடும்ப வரலாறு. சுத்தம் செய்யும்போது குழலுக்குள் ஒரு குளவிக்கூடு இருந்தது. பரம்பரைச் சொத்து என்று விட்டுவிட்டேன். உறைதான் இல்லை. அடுப்பிலிருந்து தட்டை எடுக்கும்போது கையில் மாட்டிக்கொள்வோமே, கோழிக்குஞ்சுப் படம் போட்ட துணிக் கையுறை, அதைப் பெல்ட்டில் தைத்து வலது இடுப்பில் கட்டிக்கொண்டேன். கச்சிதமாக உட்கார்ந்தது. புறப்பட்டேன்.

புல்வெட்டி தன் முழு வேகத்தில் பிரதான வீதியில் நுழைந்தது. ஒரு வான்கோழி என்னைத் தாண்டிப் போனது. தானியக் கிடங்கின் பக்கத்தில் என் அறிவிப்புப் பலகை நின்ற இடத்தைப் பார்த்தேன், மனசு உடைந்தது. எல்க் மான் வேட்டைக் காலம் தொடங்குமுன் நம் ஊர்க்காரர்கள் துப்பாக்கியின் குறியைச் சரிபார்ப்பது எதில் என்று உனக்குத் தெரியும். ‘மான் கடக்கும் இடம்’ என்ற பலகையில் மான் இருந்து எத்தனை காலமாகிறது? அதே பழக்கத்தில் என் பலகையையும் சுட்டிருந்தார்கள். துப்பாக்கி கொண்டுவராதே என்று எழுதியதைத் துப்பாக்கியாலேயே சல்லடையாக்கியிருக்கிறார்கள். விரோதம் எதுவும் இல்லை, புதுப் பெயிண்ட் தூரத்திலிருந்து பளிச்சென்று தெரிகிறதாம். ஒரு எழுத்து மிச்சமில்லை. ஒரு மூலைப் பூ மட்டும் பிழைத்திருந்தது.

இருந்தாலும் போனேன். ராஸ்கோவின் வண்டிக்குப் பக்கத்திலேயே ரதத்தை நிறுத்தினேன். என்னிடம் ஹாரன் இல்லாததால் வெட்டுக் கத்தியை ஒருமுறை சுழலவிட்டேன். வீதியே திரும்பியது. ராஸ்கோ கண்ணாடியை இறக்கினான்.

“என்ன அண்ணே, பனியில புல்லு வளந்துருச்சா?”

“நானும் மாநிலத்துப் பிரஜைதான் தம்பி” என்றேன், சிங்காசனத்திலிருந்து பேசுகிறவன் போல.

“இடுப்புல என்ன, கோழிக்குஞ்சா?”

பதில் சொல்லியிருப்பேன். அதற்குள் அவன் வண்டிக்குள் இருந்த கான்சுவேலோ, அவன் மீசையில் ஒட்டியிருந்த குழம்பைத் தன் ஏப்ரன் நுனியால் துடைத்துவிட்டாள். துடைத்தாள், லோவெல். என் மீசையில் குழம்பே பட்டதில்லையா? இத்தனை காலத்தில் என் மீசையில் ஒரு பானைக் குழம்பு காய்ந்து உதிர்ந்திருக்கும், ஒரு காகிதத் துண்டை என் பக்கம் நகர்த்தியதுண்டா அவள்? எனக்குக் கண் இருண்டது. என்னையறியாமல் எழுந்தேன். வலது காலைக் கீழே வைத்தேன். இடது கால் இன்னும் புல்வெட்டியின் மிதியில். இந்தக் கோலத்தில் நின்றபோதுதான் மார்ஷல் டென்னி ஓக்ஸ் வந்து சேர்ந்தார்.

“பெரியவரே, அசையாதீங்க. அப்படியே நில்லுங்க.”

“ஏன், சுடப்போறீங்களா?”

“இல்ல, அளக்கணும்” என்றார். சுற்றிச் சுற்றி வந்தார். குனிந்து பார்த்தார். “இடது கால் வாகனத்துல. அது மாநிலம், அதை நான் ஒண்ணும் பண்ண முடியாது. வலது கால் தரையில. அது டின் கெட்டில். துப்பாக்கி எந்தப் பக்கம் தொங்குது?”

“வலது” என்றேன். பொய் சொல்லத் தோன்றவில்லை. கோழிக்குஞ்சு அந்தப் பக்கம்தான் சிரித்துக்கொண்டிருந்தது.

“அப்போ துப்பாக்கி ஊருக்குள்ள வந்துருச்சு” என்று சொல்லி அழைப்பாணையை எழுதினார். தாத்தாவின் ரிவால்வரையும் கையுறையோடு எடுத்துப்போனார். போகும்போது, “இந்தச் சட்டத்துல மாட்டின முதல் ஆள் நீங்கதான் பெரியவரே, வாழ்த்துக்கள்” என்று கை குலுக்கினார். ராஸ்கோ ஸ்டீயரிங் மேல் தலையை வைத்துச் சிரித்ததில் ஹாரன் தானாக அடித்தது. கான்சுவேலோவும் சிரித்தாள். அதுதான் தாங்கவில்லை.

ஆகவே வழக்கறிஞரே, புல்வெட்டி ஒரு போக்குவரத்துச் சாதனமே என்று நீ வாதாடலாம். ஒரு மனிதன் எங்கே இருக்கிறான் என்பதைக் காலை வைத்து முடிவு செய்யக் கூடாது, பிருஷ்டத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்றும் வாதாடலாம். என்னைக் காப்பாற்ற அவை போதும். ஆனால் எனக்கு அது முக்கியமில்லை. பலகையைப் பிடி. எழுத்து இல்லாத பலகை அறிவிப்பு ஆகாது, அறிவிப்பு இல்லாத இடத்தில் ஊர்ச் சட்டம் செல்லாது. அந்தச் சட்டம் ஒழிய வேண்டும். அது ஒழிந்தால்தான் அந்த ஓஹையோக்காரன் வண்டியை விட்டு இறங்குவான். உள்ளே எல்லோர் மத்தியிலும், வெளிச்சத்தில், என் கண் முன்னால் உட்காருவான். இரண்டு கரண்டியோ மூன்று கரண்டியோ அங்கேயே ஊற்றட்டும். ஆவி படர்ந்த கண்ணாடிக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று தெரியாமல் உட்கார்ந்திருப்பதைவிட அது எவ்வளவோ மேல். பலகையை எழுதியவனே பலகை புரியவில்லை என்று எப்படிச் சொல்வது என்று நீதிபதி கேட்பார். அதற்குத்தான் உன்னைப் படிக்க வைத்தோம். செவ்வாய்க்கிழமைக்குள் வந்துவிடு. வராவிட்டால் என் உயிலில் உனக்கென்று எழுதியிருந்த புல்வெட்டி வேறு யாருக்காவது போய்விடும்.

உன் மனைவிக்கு என் அன்பு. உன் வழக்குகள் நீளட்டும், எதிர்த்தரப்பு சாட்சிகள் உளறட்டும், வீட்டில் குழாய்கள் உறையாமல் இருக்கட்டும், உன் மேசையில் குழம்பு எப்போதும் வழியட்டும் என்று வாழ்த்தும்,

உன் அன்பு மாமா,
ஆர்லோ விக்கர்ஷாம்

பின்குறிப்பு: மேலே எழுதியதில் என் கையெழுத்தைத் தவிர மற்றதையெல்லாம் அடித்துவிடு. நீ வர வேண்டாம். சட்டத்தைத் தொடாதே. தபாலில் போடுவதற்காக இன்று காலை இந்தக் கடிதத்தோடு பிரதான வீதிக்கு வந்தேன். வேறு வண்டி இல்லாததால் ரதத்திலேயே வந்து, உணவகத்துக்கு எதிரே நிறுத்தினேன். துப்பாக்கிதான் என்னிடம் இருக்கிறதே, இனி நீங்கள் வண்டியிலேயே உட்கார்ந்திருக்க வேண்டிய சட்ட அவசியம் இல்லை என்று போகிற போக்கில் மார்ஷல் சொன்னார். நான் இறங்கவில்லை.

கான்சுவேலோ வெளியே வந்தாள். கையில் கிண்ணம். நேரே ராஸ்கோவின் பிக்கப்புக்குப் போகிறாள் என்று கண்ணை மூடிக்கொண்டேன். திறந்து பார்த்தால் என் புல்வெட்டியின் இஞ்சின் மூடிமேல் ஏறி உட்கார்ந்திருக்கிறாள்.

“அப்பாடா, இது நல்லா சூடா இருக்கு” என்றாள். “நகராதீங்க, இஞ்சினையும் நிறுத்தாதீங்க.”

“ராஸ்கோ வண்டிக்குப் போகலையா?” என்றேன்.

“அவர் வண்டி பேட்டரி செத்துப்போச்சு. நாள் முழுக்க ஹீட்டரையும் ரேடியோவையும் ஓட்டினா? நான் அங்க போனதே ஹீட்டருக்காகத்தான். கடை ஹீட்டர் ஓடலையே, தெரியாதா? சரிபண்றேன்னு உங்க ராஸ்கோ திறந்தாரு, நீங்க பலகை நட்டதுக்கு முந்தின நாள். அன்னிக்குப் படுத்ததுதான். வித்தவருக்கு ரிப்பேர் தெரியும்னு நினைச்சு நானும் ரெண்டு கரண்டி சேத்து ஊத்தினேன் பாருங்க, என் தப்பு. எல்லாரும் கோட்டோட உக்காந்து சாப்பிட்டாங்க. நீங்க மட்டும் சட்டைக் கையைச் சுருட்டிட்டு உக்காந்திருந்தீங்க. உங்களுக்குக் குளிரவே இல்லையா ஆர்லோ?”

“இல்லை” என்றேன். உண்மைதான். உள்ளே அப்படி எரிந்துகொண்டிருந்தது.

“என்ன உடம்போ” என்று சொல்லிக் கிண்ணத்தை என்னிடம் நீட்டினாள். லோவெல், குழம்பு விளிம்புவரை நின்றது. நான் ஒரு சொட்டைக் கவனமாக மீசையில் விட்டுக்கொண்டேன். துடைக்கவில்லை. ஆனால் பார்த்தாள். இன்றைக்கு அது போதும்.

பக்கத்தில் ராஸ்கோ கண்ணாடியை இறக்க முடியாமல் கதவைக் கொஞ்சம் திறந்து, மூக்கை மட்டும் வெளியே நீட்டினான். மூக்கு சிவந்திருந்தது. துப்பாக்கியோடு இறங்கினால் டின் கெட்டில். கோட்டால் மூடிக்கொண்டு இறங்கினால் அனுமதி இல்லை. வண்டியிலேயே விட்டு இறங்குவதற்கு அவனிடம் பூட்டுப் பெட்டி இல்லை. மாநிலமும் ஊரும் சேர்ந்து அவனை அந்தக் குளிர்ந்த வண்டிக்குள் ஊறுகாய் போட்டிருக்கின்றன. மன்றச் சட்டங்கள் எவ்வளவு தீர்க்கதரிசனத்தோடு எழுதப்படுகின்றன என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

“ஆர்லோ அண்ணே, உங்க வீட்டுல பூட்டு வச்ச பெட்டி ஏதாவது கிடைக்குமா?” என்றான்.

“தூண்டில் பெட்டி ஒண்ணு இருக்கு. உன் துப்பாக்கிக்கு நல்லா சேரும்” என்றேன்.

“கொண்டுவந்து தரீங்களா?”

தரமாட்டேன் என்று சொல்ல நான் என்ன கல்நெஞ்சனா? என் வலது கால் குற்றத்தை ஒப்புக்கொள்கிறது என்று நீதிபதிக்கு எழுதிப்போட்டுவிட்டேன். மாலையில் புதிய பலகைகளை எழுத உட்காருகிறேன், இந்தமுறை கலப்பைத் தகட்டில், எந்தக் குண்டும் துளைக்காது. இதையெல்லாம் முடித்த கையோடு அந்தப் பெட்டியின் சாவியைத் தேட ஆரம்பிக்கிறேன். எங்கே வைத்தேன் என்று பனி உருகுவதற்குள் எப்படியும் நினைவு வந்துவிடும்.